செட்டிபாளையத்துக்கு வண்டி ஏத்தறதுக்கு முன்னாடி

ஒன்-மேக் ரேஸில் புதிதாக இறங்குபவர்கள் முதலில் விசாரிப்பது எஞ்சினைத்தான். யார் கட்டியது, எத்தனை குதிரைத்திறன், ஹெட்டில் என்ன வேலை செய்திருக்கிறது என்று கேட்பார்கள். எல்லாருக்கும் ஒரே எஞ்சின், ஒரே டயர் என்று விதி போட்டிருக்கும் வகுப்பில் இதைவிட வீண் விசாரணை இல்லை. வித்தியாசம் தரைப்பக்கம் கிடக்கிறது. நாலு சக்கரமும் எந்தக் கோணத்தில் நிற்கின்றன, எந்தச் சக்கரத்தின் மேல் எத்தனை கிலோ, எந்த நட்டு இளகியிருக்கிறது என்பதில். இதைப் பார்க்கத் தேவையான கருவிகளில் பாதி, வீடு கட்டும் கொத்தனாரின் பையிலேயே இருக்கும்.

இங்கே பேசுவது இறக்கை இல்லாத, குழாய் சட்டத்தில் கட்டிய, சுருட்டு மாதிரி உடம்பு கொண்ட பழைய பாணி ஒற்றை இருக்கை வண்டிகளைப் பற்றி. கியர் போட குச்சி, காலுக்கு மூணு பெடல், ரோட்டில் ஓடும் வகை டயர், அவ்வளவுதான் சாமான். உலகம் முழுக்க இந்த வண்டிகளின் கதை ஒன்றுதான்: ஊரில் மலிவாகக் கிடைக்கும் ஒரு காரை எடுத்துப் பிரித்து, அதன் பாகங்களை வைத்து ரேஸ் கார் செய்வது. அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலை வைத்து ஃபார்முலா வீ வந்தது. பிரிட்டனில் ஃபோர்டு எஞ்சினோடு 1967இல் ஃபார்முலா ஃபோர்டு வந்தது. இப்போது அங்கே மாஸ்டா எம்எக்ஸ்-5 பாகங்களின் மேல் 1950 காலத்து ஆல்ஃபா ரோமியோ 158ஐ ஞாபகப்படுத்தும் உடம்பை ஏற்றிய கிட் கார்கள்கூட உண்டு.

நம்ம ஊரில் அந்த மலிவுக் கார் மாருதி 800. கோயம்புத்தூர் கரிவரதன் அந்த எஞ்சினை வைத்துக் கட்டியதுதான் ஃபார்முலா மாருதி. ஃபார்முலா இந்தியா சிங்கிள் சீட்டர் மாருதி எஞ்சின் என்பது முழுப் பெயர். 2005இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் இந்த வண்டியில்தான் தொடங்கினார். கரி 1995இல் சிறு விமான விபத்தில் போய்விட்டார். 2003இல் கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிபாளையத்தில் திறந்த 2.1 கிலோமீட்டர் ரேஸ் தடத்துக்கு அவர் பெயர். அதற்குப் பின் 1300 சி.சி. வகுப்புகள், எல்ஜிபி ஃபார்முலா 4 எல்லாம் வந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: குழாய் சட்டம், வீட்டுக் கார் எஞ்சின். கீழே வரும் அளவுகள் மாருதி 800 பாகங்களில் கட்டிய இலகுவான வண்டிக்கு, தொடக்கப் புள்ளியாக. உங்கள் வகுப்பின் விதிப்புத்தகம் வேறு சொன்னால் அதுதான் முடிவு.

முதலில் தரை. சிமென்ட் தரை பார்க்க மட்டமாகத்தான் இருக்கும், ஆனால் பட்டறைத் தரை தண்ணீர் ஓட வாட்டம் வைத்துப் போட்டது. நாலு சக்கரம் நிற்கும் நாலு இடத்தையும் சாக்பீஸில் குறித்து, டியூப் லெவலை வைத்துப் பாருங்கள். தாழ்ந்த இடத்தில் பிளைவுட், தகடு, டைல் எதையாவது அடுக்கி நாலையும் 1 மி.மீ.க்குள் கொண்டுவர வேண்டும். ரசமட்டம் மட்டும் போதாது. இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் இரண்டு புள்ளிகளுக்கு டியூபில் நிற்கும் தண்ணீரை மிஞ்ச எதுவும் இல்லை. டியூபுக்குள் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை ஒருமுறை செய்து தரையில் பெயின்ட் அடித்து வைத்துவிட்டால் ஆயுசுக்கும் உதவும்.

சக்கரத்துக்கு அடியில் வழுக்கும் தட்டு வேண்டும். இரண்டு தரை டைல்களுக்கு நடுவே கிரீஸ் தடவி, பளபளப்பு முகங்கள் ஒன்றை ஒன்று பார்க்கும்படி வைத்தால் போதும். இது இல்லாமல் ஜாக்கியில் தூக்கி இறக்கிய வண்டியை அளந்தால், டயர் தரையைப் பிடித்துக்கொண்டு சஸ்பென்ஷனை முறுக்கி வைத்திருக்கும். அளவு பொய் சொல்லும்.

இனி நூல். வண்டியின் இரண்டு பக்கமும் அச்சு உயரத்தில் நல்ல முறுக்கு நூலை இழுத்துக் கட்டுங்கள். முன்பக்கம் இரண்டு ஹப் மையத்திலிருந்தும் நூலுக்கு ஒரே தூரம், பின்பக்கமும் இரண்டுக்கும் ஒரே தூரம் இருக்க வேண்டும். முன் தூரமும் பின் தூரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, முன்னும் பின்னும் வண்டியின் அகலம் வேறு என்பதால் இராது. பிறகு ஒவ்வொரு ரிம்மின் முன் விளிம்பு, பின் விளிம்பிலிருந்து நூலுக்கு உள்ள தூரத்தை எஃகு ஸ்கேலில் எடுக்க வேண்டும். முன் விளிம்பில் தூரம் கூடுதலாக இருந்தால் சக்கரம் உள்ளே பார்க்கிறது, அதாவது டோ-இன். குறைவாக இருந்தால் டோ-அவுட். முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் அரை முதல் 1 மி.மீ. டோ-அவுட், பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் 1 மி.மீ. டோ-இன் என்று ஆரம்பியுங்கள். பின்பக்கம் டோ-அவுட் வந்தால் பிரேக் பிடிக்கும்போதே வால் முந்தப் பார்க்கும். இரண்டு பின் சக்கரமும் ஒரே திசையில் சாய்ந்து நின்றால் வண்டி நண்டு மாதிரி ஓடும். ஸ்டீயரிங் நேராக நிற்பதில்லை என்று புகார் சொல்பவர்கள் முன்பக்கத்தைத்தான் திருகிக்கொண்டிருப்பார்கள், கோளாறு பின்பக்கம் இருக்கும்.

கேம்பருக்கு, அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணத்துக்கு, தூக்குக்குண்டு. 12 அங்குல ரிம் என்றாலும் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு 34 செ.மீ. வரும். அந்த உயரத்தில் 1 டிகிரி என்பது 6 மி.மீ. தூக்குநூலைச் சக்கரத்தின் வெளிப்பக்கம் தொங்கவிட்டு மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் தூரம் எடுத்தால் வித்தியாசமே கேம்பர். மேல் விளிம்பு உள்ளே சாய்ந்தால் மைனஸ். முன்பக்கம் மைனஸ் ஒன்றரை டிகிரி, அதாவது 9 மி.மீ.; பின்பக்கம் மைனஸ் 1 டிகிரி. ரிம் நெளிந்திருந்தால் எல்லாம் தப்பாகும், அதனால் சக்கரத்தை அரைச் சுற்று திருப்பி இன்னொருமுறை அளந்து சராசரி எடுங்கள். ஆடி மாசத்தில் இதைத் திறந்த வெளியில் செய்யாதீர்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் குண்டு ஊஞ்சலாடும். குண்டை ஒரு டப்பா தண்ணீருக்குள் முக்கித் தொங்கவிடுவது கொத்தனார்களின் பழைய வித்தை.

அடுத்தது நாலு மூலை எடை. இதற்கென்று விற்கும் தராசு விலை அதிகம். ஆள் எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு நாலு, 180 கிலோ வரை தாங்குவதாக வாங்கினால் இந்த இலகு வண்டிக்குப் போதும். வாங்கியதும் ஒரே ஆள் நாலிலும் ஏறிப் பார்த்து, எந்தத் தராசு எத்தனை கிராம் பொய் சொல்கிறது என்று அதன் மேலேயே எழுதிவிடுங்கள். எடை போடும்போது டயர் காற்று சரியாக இருக்க வேண்டும், டேங்கில் பாதிப் பெட்ரோல், வளைவில் வண்டி சாயாமல் இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி-ரோல் பார் கழற்றியிருக்க வேண்டும், ஓட்டுபவர் முழு உடுப்போடு உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆள் இல்லையென்று பருத்திக்கொட்டை மூட்டையை வைத்துச் செய்வதுண்டு. மூட்டைக்குக் கால் கிடையாது, எடை முழுக்கப் பின்னால் விழுந்துவிடும். ஆளையே உட்கார வையுங்கள்.

ஒரு கணக்கு. முன் இடது 98, முன் வலது 106, பின் இடது 146, பின் வலது 130. மொத்தம் 480 கிலோ. முன் வலதையும் பின் இடதையும் கூட்டினால் 252, அதாவது 52.5 சதவீதம். இது 50க்கு அரை சதவீதத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் வண்டி ஒரு பக்க வளைவில் நன்றாகத் திரும்பும், மறுபக்கம் மூக்கை இழுத்துக்கொண்டு போகும். சரிசெய்ய முன் வலது அல்லது பின் இடது ஸ்பிரிங் தட்டைக் கீழே இறக்குங்கள், இல்லை மற்ற இரண்டில் ஒன்றை ஏற்றுங்கள். ஒரே மூலையில் முழுவதையும் திருகினால் உயரம் கெட்டுவிடும். நாலிலும் கால் கால் பங்காகப் பிரித்துச் செய்வது நல்லது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வண்டியைக் குலுக்கி உட்காரவிட்டுத்தான் தராசைப் பார்க்க வேண்டும். எடை சரியானதும் டோவைத் திரும்ப அளக்க வேண்டியிருக்கும், உயரம் மாறினால் அதுவும் மாறும். இந்த இடத்தில் பொறுமை போய்விடுகிறவர்கள்தான் அதிகம்.

முன்சக்கரத்தை எஞ்சின் சுற்றும் காரின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே கட்டாகத் தூக்கி ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கும் வண்டிகளில் நாலு இடம் எப்போதும் தொல்லை தரும்.

ஒன்று, பின் ஹப். அசல் காரில் ஸ்டீயரிங் டை ராட் மாட்டும் கை அதில் அப்படியே இருக்கும். அதை ஒரு சிறு கம்பியால் சட்டத்தோடு பூட்டியிருப்பார்கள். அந்தக் கம்பியின் முனையில் உள்ள உருண்டை மூட்டில் (ரோஸ் ஜாயின்ட்) அரை மி.மீ. ஆட்டம் வந்தாலும் பின் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். நட்டு கழன்றால் எந்த ஓட்டுநராலும் காப்பாற்ற முடியாது. நைலாக் நட்டை, அதாவது உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டை, ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். கம்பியின் சட்டப்பக்க முனை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை ஜாக்கியால் மேலே 30, கீழே 30 மி.மீ. நகர்த்தி டோவைப் பாருங்கள். மாற்றம் 1 மி.மீ.க்கு மேல் போனால் வாஷர் வைத்து முனையை ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள். முன்பக்க ஸ்டீயரிங் ராக்குக்கும் இதே சோதனைதான்.

இரண்டு, டிரைவ் ஷாஃப்ட். அதே ஸ்பிரிங் கழற்றிய நிலையில் சக்கரத்தை முழு ஏற்றம், முழு இறக்கம் கொண்டுபோய், ஷாஃப்ட் உள்ளே 4, 5 மி.மீ.யாவது நகர இடம் இருக்கிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். இடமில்லாமல் முட்டினால் அடி நேராக கியர்பாக்ஸ் பேரிங்குக்குப் போகும். புகைக்குழாய் பக்கத்திலிருந்தால் ரப்பர் பூட் வெந்து கிழிந்து கிரீஸ் தெறித்துவிடும். நடுவே ஒரு தகடு போதும்.

மூன்று, கியர் லிங்கேஜ். குச்சி முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், நடுவே ஒன்றரை மீட்டர் குழாயும் இரண்டு மூன்று ஜாயின்ட்டும். ஒவ்வொன்றிலும் துளி ஆட்டம் என்றாலும் கூடிக் கைப்பிடியில் இரண்டு விரல்கடை ஆட்டமாக வரும். மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது வேறு பல்லில் போய் விழுந்து எஞ்சின் கூவும். கணபதியிலோ சிங்காநல்லூரிலோ ஒரு லேத் பட்டறையில் புதுப் பின்னும் புஷ்ஷும் கடைந்து வாங்குவது, ஒரு வால்வு மடங்கி ஹெட் இறக்குவதைவிட எத்தனையோ மடங்கு மலிவு.

நாலு, தண்ணீர். ரேடியேட்டர் மூக்கில், எஞ்சின் வாலில். போகவர இரண்டு நீளக் குழாய். காற்று மாட்டிக்கொண்டால் மீட்டர் முள் சாதாரணமாகக் காட்டும், ஹெட் வெந்துகொண்டிருக்கும். ஏனென்றால் சென்சார் தண்ணீரில் நனையாமல் ஆவியில் நிற்கிறது. மூக்கை ஒரு முழம் தூக்கி வைத்து, ரேடியேட்டர் மேல்முனையில் உள்ள காற்றுத் திருகைத் திறந்து, குமிழி நிற்கும்வரை ஊற்றுங்கள். அலுமினியக் குழாயின் முனையில் வளையம் எழுப்பாமல் மொட்டையாக விட்டால் ஹோஸ் நழுவும், கிளிப் எவ்வளவு இறுக்கினாலும். பச்சை கூலன்ட் பல ரேஸ்களில் அனுமதியில்லை, சிந்தினால் தடம் எண்ணெய் மாதிரி வழுக்கும். வெறும் தண்ணீர்தான், ஆனால் போர் தண்ணீர் வேண்டாம். நம்ம பக்கத்து உப்புத் தண்ணீர் ஒரே சீசனில் ரேடியேட்டர் குழாயை அடைத்துவிடும். சிறுவாணித் தண்ணீரை நீங்கள் குடியுங்கள், வண்டிக்கு பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டரை ஊற்றுங்கள். துரு பிடிக்காமல் இருக்க அதற்குரிய மருந்தைக் கலந்துகொள்ளலாம்.

எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம். 796 சி.சி., மூன்று சிலிண்டர், 68.5 மி.மீ. போர், 72 மி.மீ. ஸ்ட்ரோக். நீண்ட வளைவில் எஞ்சின் அடித்தொட்டியான சம்பில் உள்ள ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சும். வளைவின் கடைசியில் ஆயில் விளக்கு கண் சிமிட்டினால் அதுதான் காரணம், பிக் எண்ட் பேரிங் அப்போதே தேயத் தொடங்கிவிட்டது. விதி அனுமதித்தால் சம்புக்குள் தடுப்புத் தகடு. அனுமதிக்காவிட்டால் ஆயிலை மேல் கோட்டுக்குக் கீழே இறங்கவே விடாதீர்கள்.

ஹெட்டைச் சீவும் ஆசை சிலருக்கு வரும். அரை மி.மீ. சீவினால் எரியறையில் சுமார் ஒன்றரை சி.சி. குறையும், 8.7 ஆக இருக்கும் கம்ப்ரஷன் 9ஐத் தொடும். ரேஸ் அதிகாரிகள் வண்டியைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் பியூரெட் என்ற அளவுக்குழாய் வைத்துப் பிளக் ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி அளந்தால் அந்த ஒன்றரை சி.சி. பட்டென்று தெரிந்துவிடும். அதற்காகப் புள்ளிகளை இழப்பது என்ன கணக்கோ.

கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் ஊர் மாறும்போது ஜெட்டை, அதாவது பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையை, யோசிக்க வேண்டும். கோயம்புத்தூர் கடல்மட்டத்துக்கு 400 மீட்டர் மேலே, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தடம் கிட்டத்தட்டக் கடல்மட்டத்தில். இங்கே காற்றின் அடர்த்தி 4 சதவீதம் குறைவு, அதனால் அங்கே சரியாக இருந்த ஜெட் இங்கே 2 சதவீதம் பெட்ரோலைக் கூடுதலாகத் தள்ளும். ஆனால் இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கு ஜெட் பெரிதாக வேண்டும். இரண்டும் எதிரெதிர்த் திசை. எனவே பழைய குறிப்பேட்டில் எழுதியிருக்கும் ஜெட் நம்பரை நம்பாமல் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸையும் டயாஃப்ரத்தையும் ஊதவைக்கும், ஹோஸை வருஷம் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

பிரேக்கில் சிக்கனம் வேண்டாம். டாட் 3 ஆயில் புதிதாக 205 டிகிரியில் கொதிக்கும், ஈரம் குடித்தபின் 140. டாட் 4 என்றால் 230, 155. மழைக்காலம் முழுக்க வண்டி நின்றிருந்தால் உள்ளே இருப்பது ஈரம் குடித்த ஆயில் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டரும் நடுவே பெடல் அழுத்தத்தை இரண்டுக்கும் பிரித்துத் தரும் பேலன்ஸ் பாரும் உள்ள வண்டியில், காற்று எடுக்கும்போது முன் ஒன்றும் பின் ஒன்றுமாக இரண்டு நிப்பிளை ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். ஒன்றை மட்டும் திறந்தால் பார் சாய்ந்து முட்டி, பெடல் முழுதாக இறங்காது. முன் பின் பிரேக் பங்கீட்டை (பயாஸ்), முன் சக்கரம் பின் சக்கரத்துக்கு ஒரு மயிரிழை முந்திப் பூட்டும்படி வையுங்கள்.

தடத்தில் முதல் வேலை டயர் காற்று. இலகு வண்டிக்கு 18 முதல் 22 பி.எஸ்.ஐ. வரை. காற்று 10 டிகிரி சூடேறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. ஏறும். கருக்கலில் அடித்த காற்றை மத்தியான வெயிலில் நம்பக் கூடாது. வெயில்பக்கத்து இரண்டு டயரும் நிழல்பக்கத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் ஓடும்போது அந்தப் பக்கம் சப்பையாகிவிடும். அளவை எப்போதும் நிழலில் எடுங்கள். ஓடி வந்தவுடன் ஊசி வகை வெப்பமானியால் உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றையும் குத்திப் பாருங்கள். துப்பாக்கி வகை மேல்தோலை மட்டும் பார்க்கும், பிட்டுக்கு வருவதற்குள் அது ஆறிவிடும். நடு மட்டும் சூடு என்றால் காற்று அதிகம், வெளி ஓரம் சூடு என்றால் கேம்பர் போதவில்லை.

ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வரும் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பல்லடம், கேத்தனூர் பக்கம் காற்றாலை வைத்தது சும்மா இல்லை. 130 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு எதிரே 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் காற்றுத் தடை ஒன்றரை மடங்காகும். முதுகில் அடித்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். எதிர்க்காற்று நேர்ப்பாதையில் முன் வண்டியின் பின்னால் ஒட்டிக்கொள்வது அன்றைக்கு இரட்டிப்பு லாபம். முதுகுக் காற்று நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கைக் கொஞ்சம் முன்னாடியே மிதிக்க வேண்டும். ஒட்டிக்கொண்டே பல சுற்றுப் போனால் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காது, அவ்வப்போது அரை வண்டி அகலம் வெளியே நகர்ந்து மூக்கைக் காட்டுங்கள்.

முந்தும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த வண்டிகளில் சக்கரம் திறந்து கிடக்கிறது. உங்கள் முன் சக்கரம் அடுத்தவர் பின் சக்கரத்தைத் தொட்டால், அது சுழலும் திசையே உங்களை மேலே தூக்கி எறியும். பக்கத்தில் பாதி நுழைந்துவிட்டு யோசிப்பதுதான் மிக ஆபத்தான இடம். ஒன்று முழுதாகப் பக்கத்தில் வாருங்கள், இல்லை பின்னாலேயே இருங்கள்.

சக்தி குறைந்த வண்டியில் வளைவு வேகம்தான் முதல். 40 மீட்டர் ஆரத்தில் 0.9 ஜி பிடிமானத்துக்கு மணிக்கு 68 கிலோமீட்டர் கிடைக்கும். தடத்தின் முழு அகலத்தையும் பயன்படுத்தி ஆரத்தை 45 ஆக்கினால் 72. அந்த 4 கிலோமீட்டரை 40 குதிரை எஞ்சினால் திரும்பச் சம்பாதிக்க நேர்ப்பாதையில் வெகுதூரம் ஆகும். விளிம்புக் கல் வரைக்கும் போகக் கூசுகிறவர்கள் இழப்பது இதைத்தான். ஆனால் கல்லுக்கு அப்பால் செம்மண் புழுதி, அதில் ஒரு சக்கரம் இறங்கினால் அடுத்த வளைவு வரை டயர் பிடிக்காது.

சீட்டை நுரையில் வார்ப்பது சல்லிசு. இரண்டு திரவமாக வரும் பாலியூரித்தேனைக் கலந்து, இரட்டை உறையாகப் போட்ட தடித்த குப்பைப் பையில் ஊற்றி, அது பொங்குமுன் உடுப்போடு உட்கார்ந்துவிட வேண்டும். கால் மணி நேரம் அசையக் கூடாது. நுரை நன்றாகச் சுடும், ஒற்றைப் பையில் செய்யாதீர்கள். உட்கார்ந்தபின் வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் முன், பின் ரோல் பார்களின் உச்சியை ஒரு நேர்ச்சட்டத்தால் இணைத்துப் பாருங்கள். ஹெல்மெட் அதற்குக் கீழே குறைந்தது 5 செ.மீ. இருக்க வேண்டும். சீட் வார்த்த சந்தோஷத்தில் இதை மறந்தால் ஸ்க்ரூட்டினியில் நிறுத்திவிடுவார்கள். பெல்ட்டின் லேபிளில் தேதியையும் பாருங்கள், எஃப்ஐஏ தரப் பெல்ட்டுக்கு ஆயுள் ஐந்து வருஷம். கைகள் வெளியே வீசப்படாமல் இருக்க மணிக்கட்டுக் கயிறும் வேண்டும்.

இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுங்கள், நட்டிலிருந்து போல்ட் வரை. ஓட்டம் முடிந்து வந்ததும் ஸ்பேனர் எடுக்காமலேயே பார்வையில் தெரியும், கோடு உடைந்திருந்தால் அது நகர்ந்திருக்கிறது. அதை அப்படியே இறுக்கிவிட்டுப் போகாதீர்கள். ஏன் நகர்ந்தது என்று பாருங்கள்: துளை பெரிதாகியிருக்கலாம், பட்டையில் விரிசல் இருக்கலாம், நைலாக் பழசாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பொழுதோட லாரியில் ஏற்றுமுன் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து, ஒரு மாசத்தில் கிண்ணத்தின் அடியில் வெள்ளை மாவு மாதிரி படிந்து நிற்கும். அடுத்த ரவுண்டுக்கு முதல் நாள் இரவு அதைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.